கேமரா இருக்கப் பயமேன்

கொள்ளையைத் தடுக்கக் கண்காணிப்பு கேமராவை மிஞ்ச ஆளில்லை. 2019 அக்டோபரில், திருச்சி சத்திரம் பேருந்து நிலையம் அருகே நகைக்கடை ஒன்றில் அது கடமையைக் கச்சிதமாகச் செய்தது. சுவரில் துளை போட்டு நுழைந்தவர்கள் சுமார் 13 கோடி ரூபாய் நகைகளை அள்ளியதை அழகாகப் படம்பிடித்தது. முகங்கள் பளிச்சென்று விழுந்தன. அவை விலங்கு முகமூடிகளாக இருந்தது கேமராவின் குற்றமா? முன்வாசல் பூட்டும் கடைசிவரை விசுவாசமாகத் தொங்கியது.

ஆகவே வணிகப் பெருமக்களே, இன்னும் நாலு கேமரா மாட்டுங்கள். ‘நீங்கள் கண்காணிக்கப்படுகிறீர்கள்’ என்று பெரிதாகப் பலகை வையுங்கள். முகமூடியை மறந்து வந்தவர் திரும்பிப்போய் எடுத்துவர உதவும். செலவை நினைத்துக் கலங்காதீர்கள். சேதாரத்தில் சேர்த்துவிட்டால் போதும். துளை, முகமூடி எதுவுமின்றி, பட்டப்பகலில், ரசீதோடு வசூலாகிவிடும்.