நான்கு மாதக் கண்காணிப்பு

ஐரோப்பிய இளைஞர்கள் அயல்நாட்டுச் சர்வகலாசாலைகளில் பயின்று ஞானம் பெற வேண்டும் என்னும் உன்னத நோக்கத்துடன் 1987இல் எராஸ்மஸ் திட்டத்தை வகுத்த ஆட்சிபீடத்தார், முப்பதாண்டுகள் நிதானமாக யோசித்து, 2017 ஜூன் 15 முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் எத்தேசம் சென்றாலும் கைப்பேசிக்குச் சொந்த நாட்டுக் கட்டணமே போதுமென்று வரமளித்தார்கள். வரமென்றால் நிபந்தனையும் உண்டன்றோ? நான்கு மாதக் கணக்கில், மாணவன் தாய்நாட்டில் இருந்ததைவிட அந்நிய நாட்டில் அதிகம் வசித்து, டேட்டாவையும் அங்கேயே அதிகம் செலவழித்ததாகத் தெரிந்தால், கைப்பேசி நிறுவனம் அவனுக்கு எச்சரிக்கை விடுக்கலாம். 14 நாட்களுக்குள் அவன் தன் போக்கை மாற்றிக்கொள்ளாவிடில், ஜிகாபைட்டுக்கு 2025ஆம் ஆண்டு நிலவரப்படி, வரி நீங்கலாக, 1.30 யூரோ வரை கூடுதல் கட்டணம் விதிக்கலாம். பருவப் படிப்போ பெரும்பாலும் நான்கைந்து மாதம் நீள்வது! ஆகவே, வகுப்புத் தவறாமல் அங்கேயே தங்கிப் படிப்பவன் சந்தேகத்துக்குரியவன். பாடத்தைத் துறந்து பாதி நாள் வீட்டுக்கு ஓடிவருபவனே உத்தமன். மகன் எங்கே வசிக்கிறான் என்பதில் பெற்றோரினும் மிகுந்த சிரத்தை காட்டும் இந்நிறுவனங்களுக்கு நமஸ்காரம் செலுத்திவிட்டு, மாணவர்கள் போய் இறங்கிய ஊரிலேயே ஒரு சிம் கார்டு வாங்கிக்கொள்வது க்ஷேமம்.