ஆச்சியின் வான்கணக்கு

தென்காசியில் விமான நிலையம் கிடையாது. ஆனால் மதுரை, தூத்துக்குடி, திருவனந்தபுரம் மூன்றையும் எங்கள் ஊர்க்காரர்கள் சொந்த ஊர் பஸ் ஸ்டாண்டு போலத்தான் பேசுவார்கள். துபாயில் இருக்கும் எங்கள் மாமாவுக்கு திருவனந்தபுரம்தான் தோது.

துபாயிலிருந்து திருவனந்தபுரம் வான்வழியில் சுமார் 2,950 கிலோமீட்டர். விமானம் 4 மணி நேரத்தில் வந்துவிடும். அங்கிருந்து தென்காசி, காக்கை பறந்தால் 70 கிலோமீட்டர்தான். மாமா காக்கை இல்லை என்பதாலும் குறுக்கே மலை நிற்பதாலும் குளத்துப்புழை, தென்மலை, ஆரியங்காவு என்று வளைந்து வளைந்து 100 கிலோமீட்டருக்கு மேல் காரில் வர வேண்டும். அதற்கு மூன்று மணி நேரமாவது ஆகும். புளியரை எஸ் வளைவில் ஜல்லி லாரி ஒன்று மூச்சிரைத்து நின்றுவிட்டால் கணக்கே கிடையாது. விமான நிலையத்துக்கு மூன்று மணி நேரம் முன்னதாகவே போய் உட்கார்ந்திருப்பதை யாரும் பயண நேரத்தில் சேர்ப்பதில்லை. ஏன் என்று தெரியவில்லை.

எங்கள் ஆச்சிக்கு இதெல்லாம் பிரச்சினை இல்லை. அவள் சந்தேகம் டிக்கெட்டில் இருந்தது. மாமா துபாயில் இரவு 10 மணிக்கு ஏறி அதிகாலை 3.30-க்கு இறங்குகிறார். திரும்பிப் போகும்போது அதிகாலை 4.30-க்கு ஏறினால் காலை 7 மணிக்கு துபாய்.

“வாறதுக்கு அஞ்சரை மணி நேரம், போறதுக்கு ரெண்டரையா? எந்த ஊரு நியாயம்ல இது?”

அங்கே கடிகாரம் நம்மைவிட ஒன்றரை மணி நேரம் பின்னால் ஓடுகிறது என்பதைத் தம்பி டார்ச் லைட்டையும் தேங்காயையும் வைத்து விளக்கினான். முடிகிறவரை ஆச்சி பொறுமையாகப் பார்த்தாள். பிறகு தேங்காயை வாங்கிக்கொண்டு துருவப் போய்விட்டாள். அடுப்படியிலிருந்து தீர்ப்பு வந்தது.

“போகும்போது வெறுங்கையா போறான். வரும்போது கம்பளி, பால்பவுடர், தைலம், சோப்புன்னு அம்புட்டையும் அள்ளிக் கட்டிட்டு வாறான். பாரம் இழுக்கும்லா?”

நாங்கள் சிரித்தோம். ஆனால் சாரல் காலத்தைப் பொறுத்தவரை ஆச்சியை அப்படித் தள்ளிவிடவும் முடியாது. ஆனி, ஆடியில் ஆரியங்காவுக் கணவாய் வழியாக மேற்கேயிருந்து காற்று வந்தால்தான் குற்றாலத்தில் ஐந்தருவி கொட்டும். அதே மாதங்களில் அதற்கு வெகு உயரத்தில், கிழக்கிலிருந்து மேற்காக இன்னொரு காற்று விரைந்து போகிறது. பி. கோடேஸ்வரம் என்ற நம் நாட்டு வானிலை அறிஞர் 1958-இல் அதைப் பற்றி எழுதினார். ஆக, அப்போது வீட்டுக்கு வருகிற விமானம் எதிர்காற்றில்தான் வர வேண்டும். கூடப்போனால் சில நிமிடத் தாமதம். ஆச்சியிடம் இதைச் சொல்லவில்லை. சொன்னால் அடுத்து ராக்கெட்டைப் பற்றியும் தீர்ப்பு வரும்.

போன சீசனில் மாமா இறங்கிவிட்டதாக போன் வந்ததும் அம்மா உலை வைக்கப் போனாள். ஆச்சி தடுத்தாள்.

“எதுக்கு? துபாயில இருந்து நேரா வந்துருவான். ஆனா வழியில பிரானூர் பார்டர் பரோட்டா கடையத் தாண்டி வரமாட்டான்.”