சதை போய் சதை வந்தது

எழுபதுகளின் நடுவில் மூக்குச் சதையை எடுக்கப் பெரிய ஏற்பாடெல்லாம் கிடையாது. ஒரு நாற்காலி, நெற்றியில் வட்டக் கண்ணாடி மாட்டிய டாக்டர், ஒரு கம்பிச் சுருக்கு. மரத்துப்போகும் மருந்தில் நனைத்த துணியை மூக்கில் திணிப்பார்கள். பிறகு சதையின் காம்பில் கம்பியை மாட்டி ஒரே இழு. தட்டில் விழுந்தது இளநுங்கு மாதிரி பளபளவென்று இருந்தது. ஆஸ்துமா உண்டா, ஆஸ்பிரின் ஒத்துக்கொள்ளுமா என்று யாரும் கேட்கவில்லை. நானும் மூச்சிரைத்துக்கொண்டே வீட்டுக்குப் போனேன்.

சதை திரும்ப வந்தது. "வேரோடு எடுத்துடலாம்" என்றார்கள். அதற்குப் பெயர் கால்டுவெல்-லுக். நியூயார்க்கில் கால்டுவெல் 1893-லும், பாரிஸில் லுக் 1897-லும் தனித்தனியே எழுதிவைத்த முறை. மேலுதட்டைத் தூக்கி, ஈறுக்கு மேலே கீறி, கன்னத்து எலும்பில் ஓட்டை போட்டு, சைனஸ் சவ்வைச் சுரண்டி எடுப்பார்கள். கூடவே மூக்கின் அடிப்பக்கம் ஒரு புது வாசல். சளி தானாகக் கீழே வடிய வேண்டுமாம். எனக்கு 1978-ல் நடந்தது. பார்க்க வந்த பெரியப்பா என் கன்னத்தைப் பார்த்துவிட்டு, "யார்டா அடிச்சது?" என்றார். மேல்வரிசைப் பற்கள் வெகுகாலம் மரத்தே கிடந்தன.

அதே 1978-ல்தான் ஆஸ்திரியாவின் கிராஸ் நகரத்து மெஸ்ஸர்கிளிங்கர், மூக்கு எண்டோஸ்கோப்பி பற்றி ஆங்கிலத்தில் புத்தகம் வெளியிட்டார். அவர் கண்டது இது: சைனஸ் சவ்விலுள்ள நுண்மயிர்கள் சளியை எப்போதும் இயற்கையான வாசலை நோக்கியே தள்ளுகின்றன. அடியில் எவ்வளவு பெரிய ஓட்டை போட்டாலும் சளி அதைச் சுற்றிக்கொண்டு மேலே ஏறிப் பழைய வாசலுக்கே போகும். சளிக்கு நியூட்டனைத் தெரியாது. என் கன்னத்தில் வாசல் வைத்தவர்களுக்கு கிராஸைத் தெரியாது.

அடைபட்ட பழைய வாசலை மட்டும் திறந்தால் போதும் என்ற இந்த முறைக்கு அமெரிக்காவில் கென்னடி 1985-ல் பெயர் வைத்தார்; இன்று எல்லோரும் ஃபெஸ் என்கிறார்கள். என் மூக்குக்கு அந்த யோகம் வயதான பிறகு வாய்த்தது. முதலில் சி.டி. ஸ்கேன், சைனஸிலிருந்து கண்ணையும் மூளையையும் பிரிப்பது காகிதம் மாதிரி மெல்லிய எலும்பு என்பதால் வரைபடம் இல்லாமல் உள்ளே போகமாட்டார்கள். முழு மயக்கம். முகத்தில் கீறலே இல்லை. சதையை உறிஞ்சி இழுத்துச் சுழலும் பிளேடால் நறுக்கும் கருவி. பலூன் வைத்து எடுக்கக்கூடாதா என்று கேட்டேன். பலூன் வாசலை அகலப்படுத்தும், சதையை எடுக்காது என்று பொறுமையாகச் சொன்னார் டாக்டர். அந்தக் காலத்தில் கேள்வி கேட்டிருந்தால் துணியை இன்னும் ஒரு முழம் திணித்திருப்பார்கள்.

வலி குறைந்தது, வேலை கூடியது. ஆபரேஷன் என்பது மருந்து உள்ளே போக வழி போடுவதுதானாம், வீக்கத்தின் மூலம் சவ்விலேயே இருக்கிறதாம். ஆகவே தினமும் கொதித்து ஆறிய உப்புத் தண்ணீரால் மூக்கைக் கழுவ வேண்டும், ஸ்டீராய்டு ஸ்பிரே அடிக்க வேண்டும். எத்தனை நாளைக்கு? "நிறுத்தச் சொல்ற வரைக்கும் சார்."

இப்போது டுபிலுமாப் என்றொரு ஊசி. மூக்குச் சதைக்கு அமெரிக்கா 2019-ல் அனுமதித்தது. கத்தியே வேண்டாமல் சதை சுருங்குகிறது. விலையைக் கேட்டேன். உப்புத் தண்ணீரில் எனக்குப் பக்தியே வந்துவிட்டது.