மூடிக்கு உள்ளே ஒரு வாய்க்கால்

கேள்வி: ஜி.எஸ்.டி. சாலை வெயிலில் நிறுத்திய காரில் கூல்டிரிங்க்ஸ் கேன் ஒன்றை மறந்துவிட்டேன். மதியம் பார்த்தால் மேல்மூடி பூரி மாதிரி உப்பியிருந்தது. தகடு அவ்வளவு மட்டமா?
– வாசகி, இரும்புலியூர்

பதில்: உங்கள் ஊர்ப் பெயரில் இரும்பு இருக்கிறது, உங்கள் கேனில் இல்லை. அது அலுமினியம். ஆனால் மட்டமென்று மட்டும் சொல்லாதீர்கள்! கேன்கள் சுமார் 90 பி.எஸ்.ஐ. அழுத்தம் தாங்கும்படி செய்யப்படுகின்றன. உங்கள் கார் டயரில் இருப்பதைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு. 54 மில்லிமீட்டர் அகல மூடியின் மேல் அது 140 கிலோ பாரத்துக்குச் சமம். இரண்டு ஆட்கள் ஏறி நிற்பதைக் கால் மில்லிமீட்டர்கூட இல்லாத தகடு தாங்குகிறது!

ரகசியம் விளிம்பில் இருக்கிறது. மூடியின் ஓரத்தை நகத்தால் தடவிப் பாருங்கள், ஒரு பள்ளம் தட்டுப்படும். எவர்சில்வர் தட்டின் மடித்த விளிம்பு தட்டை வளையவிடாமல் பிடிப்பதுபோல, அந்த வாய்க்கால்தான் மூடியைப் பிடிக்கிறது. வெயிலில் பானத்தில் கரைந்த வாயு வெளியேறி அழுத்தம் எல்லை மீறும்போது, அந்தப் பள்ளம் ஓரிடத்தில் மடிப்பு கலைந்து மேலே புரளும். நீங்கள் பார்த்தது அதைத்தான். பள்ளம் ஆழமாகவும் குறுகலாகவும் இருந்தால் மூடி இன்னும் தாங்கும். மூடி சிறுத்தாலும் பாரம் குறையும். முன்பு 68 மில்லிமீட்டராக இருந்தது 54 ஆனதும், கேனின் கழுத்து ஒடுங்கியதும் இதனால்தான். தகடும் மிச்சம்.

உப்பிய கேனைச் சூட்டோடு திறக்காதீர்கள். முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு நிழலுக்குக் கொண்டுபோய் ஆறவிடுங்கள். கசிந்திருந்தால் குடிக்காமல் கொட்டிவிடுங்கள்.