மார்க் போடும் பேராண்டிக்கு

வாங்க வாத்தியாரய்யா! லீவுக்கு வந்த இடத்துலயும் தாள்கட்டா? ஊருக்கு ராத்திரி பஸ் கேட்டுப் பிள்ளைகளைக் கடுதாசி எழுதச் சொன்னியாமே. மார்க் போட ரூப்ரிக்குன்னு கட்டம் போட்ட தாள் வேற. நல்லதுடே. கட்டம் இருந்தா ஜோசியருக்கும் வசதி, வாத்தியாருக்கும் வசதி.

சுலப வழி சொல்லுதேன் கேளு. தாளைத் தூக்கிப் பாரு. கனமா இருந்தா 18, லேசா இருந்தா 9. கலாம் ஐயா சொல்லாததை அவர் சொன்னதா ஒரு பய எழுதியிருப்பான். அவனுக்கு ஒரு மார்க் சேத்துப் போடு. நீ வகுப்புல சொன்னதையே உனக்குத் திருப்பி எழுதினவனுக்கு முழு மார்க். பொழைக்கத் தெரிஞ்ச பிள்ளை பாரு!

முறைக்காத. நிசமாவே திருத்தணும்னா, கொஞ்ச நேரம் டிப்போ மேனேஜரா உக்காந்து படி. எத்தன பேரு ஏறுவாக, எந்நேரத்துக்கு, டீசல் காசு தேறுமா, இதத்தான் அவரு பாப்பாரு. ‘எங்கள் வாழ்வில் ஒளியேற்றுங்கள்’னு எழுதினவனுக்கு மெழுகுவத்திதான் கிடைக்கும். ‘ராத்திரி 9.30-க்கு மில்லு விடுறப்ப நாப்பது பேரு நிக்கோம், கையெழுத்து இணைச்சிருக்கோம்’னு எழுதின பிள்ளைக்கு, எழுத்துப்பிழை நாலு இருந்தாலும் பஸ் வரும்.

அடுத்தவனை ஒத்துக்கிட வைக்கிற வழியை, சொல்லுதவன் மேல நம்பிக்கை, கேக்கிறவன் மனசு, காரணம்னு அரிஸ்டாட்டில் மூணாப் பிரிச்சாரு. நம்ம கண்ணகி தலைவிரி கோலமாத்தான் போனா. ஆனா அழுகைக்கா பாண்டியன் தீர்ப்பு மாறுச்சு? எங்க சிலம்புல முத்துன்னாரு ராசா. என் சிலம்புல மாணிக்கம்னா இவ. அவளே ஒடச்சா, மாணிக்கம் தெறிச்சுது. கண்ணீருக்குக் கதவு தொறக்கும். வழக்கை ஜெயிச்சது பரல்தான்.

மேலப்பாளையம் சந்தையில கெட்டிக்காரத் தரகன், ‘மாடு கொஞ்சம் மிரளும்’னு அவனே முந்திக்கிடுவான். அப்புறம் அவன் சொல்லுத நாலையும் வாங்க வந்தவன் நம்புவான். அருணந்தி சிவாச்சாரியாரும் சிவஞான சித்தியார்ல எதிராளி கட்சியைப் பரபக்கத்துல முன்னால வச்சுட்டு, தன் கட்சியைச் சுபக்கத்துல பின்னாலதான் வச்சாரு. ‘பஸ் விட்டா முதல்ல நட்டம் வரும்தான், ஆனாலும்…’னு எழுதின பிள்ளை இருக்கா பாரு. அவளுக்கு மார்க் போட உன் கட்டத்துல இடம் இருக்கா?

குத்தம் எண்ணணுமா? பவணந்தி முனிவர் நன்னூல்லயே பத்துக் குற்றம் அடுக்கி வச்சிருக்காரு. அதுல சென்று தேய்ந்து இறுதல்னு ஒண்ணு: ஆரம்பத்துல முழங்கி, கடைசியில நமுத்துப் போறது. உன் பிள்ளைகள்ல பாதிப் பேருக்கு அந்த நோய்தான். வெறும் நம்பரைக் கிறுக்காம, எந்த வரியில தேஞ்சுதுன்னு ஓரத்துல எழுதிக் குடு. அடுத்த கடுதாசி தேறும்.

மாறுகொளக் கூறல்னு இன்னொரு குத்தம். அது உனக்குடே, வாத்தியாரே! ‘சொந்தமா யோசிங்க’ன்னு சொல்லிட்டு, உனக்கு ஒப்பாத கருத்துக்கு மார்க்கை வெட்டுத பாரு, அதான். உனக்குப் பிடிக்காததை எழுதி, உன்னையே ரெண்டு நிமிசம் யோசிக்க வச்சவன் எவனோ, அவனுக்குப் போடு முதல் மார்க்.