வாரண்டியும் மச்சானும்

இரவு பத்து மணிக்கு என் கணினி மேசைக்கு அடியில் பல்லி கத்தியது. டிக்... டிக்... டிக். மனைவி உடனே விரலால் மேசையைத் தட்டிவிட்டு, "தென்கிழக்கு மூலை. பண நஷ்டம்" என்றாள். பல்லிப் பலன் சொல்வதில் அவள் கெட்டிக்காரி. எந்தத் திசையில் கத்தினாலும் அது என் சட்டைப்பையில்தான் வந்து முடியும்.

கத்தியது பல்லி அல்ல, என் ஹார்ட் டிஸ்க். பலன் மட்டும் பலித்தது.

இந்த டிக் டிக்கின் பொருள் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. பெட்டிக்குள் கண்ணாடி போல் பளபளக்கும் தட்டுகள் நிமிடத்துக்கு 7200 சுற்றுச் சுற்றுகின்றன. கணக்குப் போட்டுப் பார்த்தேன். தட்டின் ஓரம் மணிக்குக் கிட்டத்தட்ட 130 கிலோமீட்டரில் பறக்கிறது. வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் 110ஐத் தாண்டினால் சம்மன் வரும். என் மேசைக்கடியில் மூன்று வருடமாகக் கேள்வி கேட்பாரில்லாமல் ஓடியிருக்கிறது. அந்த வேகத்தில் தட்டுக்கு மேலே ஒரு சின்ன முனை, தலைமுடியின் பருமனில் பல்லாயிரத்தில் ஒரு பங்கு இடைவெளி விட்டு மிதந்தபடியே படிக்கிறது. அது வழி தவறி, தேடிப் பார்த்து, கிடைக்காமல் திரும்பத் திரும்ப வீட்டுக்கு வரும் சத்தம்தான் டிக் டிக். சாவியைத் தொலைத்துவிட்டு ஒரே பையில் நாலு தடவை கைவிடுவோமே, அதே கதைதான்.

உள்ளே இருந்தவை: பதினைந்து வருடக் குடும்பப் படங்கள், மகள் கல்யாணம் முழுக்க, பதினொரு வருடமாக நான் எழுதிவரும் நாவலின் முதல் ஏழு அத்தியாயம். செய்தியைச் சொன்னதும் மனைவி கல்யாணப் படங்களுக்காக அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அந்த நாவலும் போயிடுச்சா?" என்று கேட்டாள். அந்தக் குரலில் இருந்தது துக்கம் என்று இன்றுவரை என்னால் சாதிக்க முடியவில்லை.

துக்க வீட்டுக்கு வருகிறவர்களைப் போல ஆளாளுக்கு வைத்தியம் சொன்னார்கள். மாமாக் கடையில் தே தாரிக் குடிக்கும் நண்பர் ஒருவர், "ஐஸ் பெட்டியில ஒரு ராத்திரி வையுங்க, எந்திரிச்சு உட்காரும்" என்றார். பிளாஸ்டிக் பையில் சுற்றி, கெம்போங் மீனுக்குப் பக்கத்தில் வைத்தேன். ஐந்து நிமிடத்தில் மனைவி கண்டுபிடித்துவிட்டாள். "மீனை நாளைக்குக் குழம்பு வைக்கிறேன். இதை என்ன செய்யணும்?" என்று கேட்டாள். அவள் கேட்டதுதான் நல்லதாகப் போயிற்று. குளிரில் இருந்து எடுத்தால் நம் ஜொகூர்ப் புழுக்கத்தில் தட்டின் மேல் நீர் கோத்து, கொஞ்சநஞ்சம் இருக்கும் உயிரும் போய்விடுமாம். இதைப் பின்னால் சிங்கப்பூரில் வேலை பார்க்கும் மகன் சொன்னான். காலை நாலு மணிக்கே எழுந்து பாலத்தைக் கடக்கிறவன். அவனிடம் நல்ல வார்த்தையை எதிர்பார்க்கக் கூடாது.

"வாரண்டி இருக்குல்ல, அதைப் பாருங்கப்பா" என்றான்.

இருந்தது. மூன்று வருடம். ரெசிட்டையும் பத்திரமாகவே வைத்திருந்தேன், அதுவும் சாமி அறையில், முருகன் படத்துக்குப் பின்னால், பிளாஸ்டிக் உறைக்குள். எடுத்துப் பார்த்தால் முருகன் அருளால் தாள் இருந்தது, எழுத்து இல்லை. கடைக்காரர்கள் தரும் அந்த வழவழத் தாளில் மை கிடையாது; சூட்டில் கறுக்கும் பூச்சுதான் எழுத்து. விளக்கின் வெம்மைக்கும் பிளாஸ்டிக் உறைக்கும் நடுவில் மூன்று வருடம் இருந்ததில் அது துறவு பூண்டுவிட்டது.

கடையில் சீனத் தவுக்கேயின் மகன் தாளை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "அங்கிள், இனி கெர்தாஸ் கொசோங் லா" என்றான். வெற்றுத் தாள் என்பதை மலாயில் சொன்னால் கொஞ்சம் மரியாதையாகத்தான் இருக்கிறது.

டிஸ்கின் முதுகில் இருந்த வரிசை எண்ணைத் தட்டிப் பார்த்தான். வாரண்டி முடிந்து பத்தொன்பது நாள். எப்படி என்று கேட்டேன். ரெசிட் இல்லாவிட்டால், தொழிற்சாலையிலிருந்து கிளம்பிய நாளிலிருந்து வயதைக் கணக்கிடுவார்களாம். கடை அலமாரியில் அது இரண்டு மாதம் சும்மா கிடந்த காலமும் ஆயுளில் சேர்த்தி. கருவில் இருந்த மாதங்களையும் வயதில் சேர்க்கும் வழக்கம் சீனர்களிடம் உண்டு. ஹார்ட் டிஸ்க் விஷயத்திலும் அது அமலில் இருப்பது அன்றுதான் தெரிந்தது.

மாமாக் கடை நண்பர் கொதித்தார். "பயனீட்டாளர் நடுவர் மன்றத்துக்குப் போங்க. ஐந்து வெள்ளி கட்டணம், ஐம்பதாயிரம் வெள்ளி வரைக்கும் வழக்குப் போடலாம், வக்கீலே வேணாம்." அவர் சொன்னது உண்மைதான்; 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் கொடுத்த வசதி அது. ஆனால் நடுவர் முன்னால் போய் எதை நீட்டுவேன்? கெர்தாஸ் கொசோங்.

காப்பாற்றியது நான் ஆயுசு முழுக்கத் திட்டிவந்த ஒரு பொருள், கடன் அட்டைக் கணக்கு. வாங்கிய தேதி, கடை, தொகை எல்லாம் அதில் இருந்தன. அந்தத் தேதிப்படி இன்னும் நாற்பத்தொரு நாள் பாக்கி. தவுக்கே மகன் ஏற்றுக்கொண்டு படிவத்தை நீட்டினான். அதில் பொடி எழுத்தில் ஒரு வரி: உள்ளே இருக்கும் தரவுக்கு உத்தரவாதம் கிடையாது.

"படமெல்லாம்?" என்றேன்.

"டேட்டா தாக் கவர் லா, அங்கிள்." தனியாக மீட்டுத் தருகிறவர்கள் இருக்கிறார்கள், ஆயிரக்கணக்கில் வெள்ளி ஆகும் என்றான். பிறகு மனமிரங்கி, திறந்துபோட்ட பழைய டிஸ்க் ஒன்றைக் காட்டினான். தட்டு அவ்வளவு சுத்தமாக இருந்தது. ஜொகூர் பாரு ராஜகாளியம்மன் கண்ணாடிக் கோவிலில் எந்தப் பக்கம் திரும்பினாலும் நம் முகமே தெரியுமே, அதே போல இதிலும் தெரிந்தேன். கோவிலில் தெரிந்தபோது பக்தி வந்தது. இதில் பார்த்தபோது ஒரு முட்டாளைத்தான் பார்த்தேன்.

ஐந்து வாரம் கழித்து மாற்று டிஸ்க் வந்தது. புதுசு அல்ல, பழுது பார்த்துச் சான்று கொடுத்தது என்று மேலே ஒட்டியிருந்தது. யாரோ ஒருவர் வீட்டில் டிக் டிக் என்று கத்திச் செத்து, சிகிச்சை பெற்று, மறுபிறவி எடுத்து என்னிடம் வந்திருக்கிறது. அதற்கு வாரண்டியும் புதிதல்ல. முந்தைய பிறவியின் மிச்சம்தான். பூர்வ ஜென்ம நினைவு ஏதாவது இருக்குமா என்று திறந்து பார்த்தேன். சுத்தமாகத் துடைத்திருந்தார்கள்.

அன்று ராத்திரிதான் மனைவி மெதுவாகச் சொன்னாள். "குளுவாங் அண்ணன் கல்யாணப் படமெல்லாம் காப்பி எடுத்துட்டுப் போனாரே."

எடுத்துப் போனார்தான். கல்யாணம் முடிந்த மறுநாளே பென் டிரைவோடு வந்து, "படம் எல்லாத்தையும் நமக்கும் ஒரு காப்பி போடுங்க மாப்பிள்ளை" என்று நின்றார். அவசரம் என்ன என்று எரிந்து விழுந்தேன். அதற்கு முதல் நாள்தான் சாம்பாரில் உப்பு தூக்கல் என்று சம்பந்தி காதில் விழும்படி சொல்லியிருந்தார். கணினியை அவர் பக்கம் தள்ளிவிட்டு, "வேணுங்கிறதை நீங்களே எடுத்துக்குங்க" என்று எழுந்து போனேன். அன்றிலிருந்து இரண்டரை வருடமாகப் பேச்சு இல்லை.

குளுவாங் போனேன். மச்சான் ஒன்றும் கேட்கவில்லை. கோப்பி வந்தது. குடித்தேன். சர்க்கரை தூக்கல். "நல்லா இருக்கு மச்சான்" என்றேன். இந்தச் சொல்லை இரண்டரை வருடம் முன்னால் அவர் சாம்பாரைப் பற்றிச் சொல்லியிருந்தால் இந்தப் பயணமே தேவைப்பட்டிருக்காது. பென் டிரைவைக் கையில் வைத்து, "பத்திரம் மாப்பிள்ளை" என்றார். ரெசிட் கேட்கவில்லை, தேதி கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்து திறந்தோம். முந்நூற்றுப் பன்னிரண்டு படங்கள். மனைவி மறுபடியும் அழுதாள். இருபதாவது படத்தில் அழுகையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

எல்லாப் படத்திலும் மச்சான் இருந்தார். மணமகன் தாலி கட்டுகிறான். முன்னால் மச்சானின் பாத்தேக் சட்டைத் தோள். மகள் காலில் விழுகிறாள். ஆசீர்வதிக்கும் கைகளில் பெரிய கை அவருடையது. பந்தியில் சாம்பார் வாளிக்குப் பக்கத்தில் முகத்தைச் சுளித்தபடி ஒரு படம். வேண்டியதை எடுத்துக்கொள்ளச் சொன்னேன். தான் இருக்கிற படங்களை மட்டும் பொறுக்கி எடுத்திருக்கிறார். நான் ஒன்றில்கூட இல்லை. படம் எடுத்தவன் நான்தானே.

மகன் இப்போது எனக்கு ஒரு விதி போட்டிருக்கிறான். மூன்று பிரதி வேண்டும், இரண்டு வகைச் சாதனத்தில் இருக்க வேண்டும், அதில் ஒன்று வேறு ஊரில் இருக்க வேண்டும். அப்படியே செய்துவிட்டேன். என் மச்சான் இப்போது மூன்று பிரதிகளாகப் பத்திரமாக இருக்கிறார். அசல் குளுவாங்கில்.