விமானத்துக்கு முன்னே மாட்டுவண்டி

காஞ்சிபுரத்துக்கு ஆகாய மார்க்கம் புதிதல்ல. வைகாசி பிரம்மோற்சவத்தில் வரதராஜப் பெருமாள் கருடன்மேல் ஏறிக் கிளம்பிவிடுவார். பயணி ஒருவர், தூக்குகிறவர் பலர், பெட்ரோல் செலவு கிடையாது. ஆகவே 1932-இல் டாடா வீட்டுப் பிள்ளை தபால் மூட்டையோடு பறந்தார் என்று கேட்டு இந்த ஊர் வாயைப் பிளந்திருக்காது.

பிள்ளை என்றால் ஜே.ஆர்.டி. டாடா. இந்தியாவில் 1929-இல் கொடுத்த முதல் விமானி உரிமம் அவருடையது. அன்றைய குழுமத் தலைவர் தொராப்ஜி டாடாவுக்கு விமானத் தபால் தொழிலில் பிடிப்பே இல்லை. பீட்டர்சன் என்கிற டாடா அதிகாரி பேசிப் பேசித் தலையாட்ட வைத்தார். சர்க்காரோ மானியம் என்ற பேச்சே எடுக்காதே என்றுவிட்டது.

1932 அக்டோபர் 15 காலை கராச்சியில் 'புஸ் மாத்' கிளம்பியது. ஒற்றை எஞ்சின், குட்டி விமானம். அகமதாபாத்தில் இறங்கினால், பெட்ரோல் டின் டின்னாக மாட்டுவண்டியில் வந்தது. வேகத்தின் புது யுகம் காளைகளின் நடையை நம்பி நின்றது!

பம்பாயில் இறங்கிய ஜுஹு, கடலோரச் சேற்றுநிலம். விமானக் கொட்டகைக்கு ஓலைக்கூரை. மழைக்காலம் வந்தால் ஓடுதளம் மீன்களுக்குப் போய்விடும். கம்பெனியே மூட்டைமுடிச்சோடு புனாவுக்குக் குடிபோகும்.

மறுநாள் நெவில் வின்சென்ட், முன்னாள் ராணுவ விமானி, மூட்டையை பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டுவந்தார். அப்புறம்தான் வேடிக்கை. லண்டனிலிருந்து கராச்சிவரை இம்பீரியல் ஏர்வேஸ், அங்கிருந்து டாடா என்று கடல் தாண்டி, பாலைவனம் தாண்டிப் பறந்த கடிதம் காஞ்சிபுரத்துப் பட்டு முதலாளிக்கு என்றால், மிச்சமுள்ள எழுபது சொச்சம் கிலோமீட்டருக்குப் பழையபடி ரயில்தான். பிறகு தபால்காரர் கால். ஊரின் நெசவாளர் பகுதியான பிள்ளையார்பாளையத்துத் தறிக்காரருக்கு அந்தக் கடிதம் கரியில் ஓடி வந்ததா, காற்றில் பறந்து வந்ததா என்று எப்படித் தெரியும்?

சர்க்கார் மானியம் மறுத்த இந்த வியாபாரம் முதல் வருஷமே 60,000 ரூபாய் லாபம் பார்த்தது.

இப்போது காஞ்சிபுரம் மாவட்டத்துக்கே பெரிய விமான நிலையம் வருகிறது, பரந்தூரில். 2022-இல் அறிவித்தார்கள். வயலும் ஏரியும் போய்விடும் என்று திட்டப் பகுதியிலுள்ள ஏகனாபுரத்து ஜனங்கள் அன்றிலிருந்து மறித்து நிற்கிறார்கள். ஜுஹுவில் தண்ணீர் வந்தபோது விமானக்காரர்கள்தான் இடத்தைக் காலி செய்தார்கள். இங்கே ஏரியைக் காலி செய்யச் சொல்கிறார்கள்.